பசிலியாருக்குச் சவரம்

எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசை விழுங்கினால்தான் மேலே போகும்.
காசு போடும் உரிமை பார்பரேயுடையது.
வயது நாலரை, வீடு எட்டாம் மாடி.

டிசம்பர் முப்பது. குத்தாயிசிச் சந்தையிலிருந்து
நெஞ்சுயரச் சிச்சிலாக்கி ஒன்றைத்
தோளில் சாய்த்துக்கொண்டு வந்தேன்.
லிஃப்ட் கதவு மூடவில்லை.
காசு போனது போனதுதான்.
படியேறினோம்.

ஹேசல் கொம்பை உலர்த்திச்
சீவிச் சீவி, சீவல் அறுந்துவிடாமல்
உச்சியிலேயே தொங்கவிட்டால் சிச்சிலாக்கி.
இலையே இல்லாத வெள்ளைச் சுருள் மரம்.
புனித பசிலியாரின் தாடி என்போம்.
ஐந்தாம் மாடியில் கேட்டாள்:
"அவருக்கு எத்தனை வயசு?"
"ஆயிரத்து எழுநூறு இருக்கும்."
"அப்போ யார் அவருக்குச் சவரம் பண்ணிவிடறது?"
மூச்சு வாங்குவதுபோல் நடித்தேன்.
பாதிதான் நடிப்பு.

தேயோனா இத்தாலியில் இருக்கிறாள்,
இது இரண்டாவது குளிர்காலம்.
எர்மானோ என்ற முதியவரை
எழுப்பி, குளிப்பாட்டி, ஊட்டி,
அந்தச் சம்பளத்தில்
எங்கள் கேஸ் கட்டணத்தையும் கட்டுகிறாள்.
காலையில் போனைக் கண்ணாடியில் சாய்த்து வைப்பாள்.
இங்கே கஞ்சிக் கிண்ணம், அங்கே சோப்பு நுரை.
"மூக்குக்குக் கீழே மெதுவா, அம்மா"
என்று இவள் எங்கள் மொழியில் சொல்ல,
ஒரு சொல்லும் புரியாத எர்மானோ
மேலுதட்டை இழுத்துப் பிடித்துக் கொடுப்பார்.

புத்தாண்டில் வாசலை முதலில் மிதிப்பவர் ராசிதான்
வருஷம் முழுக்க என்பது எங்கள் கணக்கு.
என் அண்ணன் கோச்சா, கை நிறைய மிட்டாயோடு
வலது காலை எடுத்து வைத்தான்,
ஓட்டைச் சாக்ஸில்.
"புது வருஷம் எட்டிப் பார்க்குது" என்றாள் பார்பரே,
அவன் பெருவிரலைப் பார்த்து.
அன்றைக்குத் தேனும் வால்நட்டும் அவள் தலைமுடியில் ஒட்டி,
சீப்பு தோற்று, எண்ணெய் தோற்று,
கடைசியில் கத்தரிதான் ஜெயித்தது.
விதை அங்கேதான் விழுந்திருக்க வேண்டும்.

ஜனவரி ஆறு, எங்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய சாயங்காலம்.
நான் குரியாக்காரன். தலைக்கொன்றாய்,
அவித்த முட்டை உள்ளே வைத்த
பிறை ரொட்டி சுட்டாக வேண்டும்.
என் பிறைகள் பௌர்ணமியாகிவிட்டன.
ருசி பார்க்கிறேன் என்று கோச்சா
கணக்கைக் கெடுத்தான்.
நாளைய ஊர்வலத்துக்கு அவளுடைய வெள்ளை அங்கியை
இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது:
வீடு பத்து நிமிஷமாய் அமைதி.

கூடத்தில் பசிலியார்
கழுத்தில் துண்டோடு நின்றார்.
என் நுரை டப்பா முழுதும் அவர் மேல்.
இவள் நாற்காலியில் ஏறி, மழுங்கல் கத்தரியால்
சுருள் சுருளாய், பொறுமையாய்,
"ஆச்சு, ஆச்சு, இன்னும் கொஞ்சம்தான்"
என்று சொல்லிக்கொண்டிருந்தாள்
அம்மாவின் குரலில்.
கோச்சா சிரிக்க வாய் திறந்தான்.
என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

போனில் காட்டினோம்.
தேயோனா தொழில்காரிபோலப் பார்த்தாள்:
"காதோரம் விட்டுப்போச்சு, பாரு."
அப்புறம் கொஞ்ச நேரம் அந்தப் போன்
கூரையை மட்டும் காட்டியது.

சீவல்களை அலசி, ஹீட்டரில் உலர்த்தி,
பழைய தலையணை உறையில் திணித்து,
இத்தாலி போகும் மினிபஸ்காரரிடம் கொடுத்தோம்.
"உள்ளே என்ன?"
"தாடி" என்றாள் பார்பரே.
அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

பதினெட்டாம் தேதி, திருமுழுக்கு விழாவுக்கு முதல் நாள்,
போன வருஷத் துன்பமெல்லாம் புகையாய்ப் போக
முற்றத்தில் எல்லா வீட்டுச் சிச்சிலாக்கியும் எரிந்தன.
தாடி உள்ளவை
பொசுக்கென்று முடிந்துவிட்டன.
எங்களுடையது மொட்டைக் கம்பு.
தீப்பிடிக்கவே நேரமாயிற்று.
அக்கம்பக்கத்தார் உள்ளே போனபிறகும் எரிந்தது.
கையுறையைக் கழற்றிக் காய்ந்தபடி
நாங்கள் இருவர் மட்டும் நின்றோம்.
மேலே போகும் காசு
அவள் முட்டிக்குள் சூடாகிக்கொண்டிருந்தது.